எழுத்து முடிந்த நாளிலிருந்து மாதங்களை எண்ணாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊரில் எழுத்து (திருமணப் பதிவு) முடிந்து மாப்பிள்ளை ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிய அடுத்த நாளே பெண் வீட்டில் தொடங்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப கூப்பிடுவினம்?" பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "ஒரு வருசம்." அந்தக் கணக்கை நம்பி வேலையை விடுகிறார்கள், வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், தாலி கட்டுக்கு மண்டபம் பதிகிறார்கள். பதினான்காம் மாதமும் பதினாறாம் மாதமும் கடந்து போகும்போது, மற்றப் பக்கம் எதையோ மறைத்துவிட்டது என்று இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் மனக்கசப்பு வந்துவிடுகிறது. அந்த ஒரு வருடம் எங்கிருந்து வந்தது, எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, எதனால் நீள்கிறது என்பதை உங்கள் வாசகர்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறோம்.

2016 டிசம்பரில், அப்போதைய கனடிய குடிவரவு அமைச்சர் ஜோன் மக்கலம், கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பங்களை 12 மாதத்துக்குள் முடிப்பதாக அறிவித்தார். இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் கணக்கு அதுதான். அது சட்டம் தந்த உரிமை அல்ல. அமைச்சு தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு. அன்றைய அறிவிப்பிலேயே நூற்றுக்கு எண்பது விண்ணப்பங்களுக்குத்தான் அந்தக் காலம் சொல்லப்பட்டது. மற்ற இருபது பேர் எவ்வளவு காத்திருப்பார்கள் என்பதற்கு எல்லை இல்லை. அந்த 12 மாதமும் எழுத்து நாளிலிருந்தோ, இணையத்தில் விண்ணப்பத்தை அனுப்பிய இரவிலிருந்தோ தொடங்குவதில்லை. முழுமையான விண்ணப்பம் ஒன்று அமைச்சின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. இங்கே "முழுமையான" என்ற சொல்லில்தான் பலர் மாதங்களைத் தொலைக்கிறார்கள்.

அதற்கு முன் நம் கையில் இல்லாத காரணம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒட்டாவா ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேரை நிரந்தர வதிவிடத்துக்கு ஏற்பது என்று திட்டம் போடுகிறது. கணவன், மனைவி, துணைவர், பிள்ளைகள் என்ற பிரிவுக்கு 2024க்கான இலக்கு 82,000. 2025க்கு அது 70,000 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு வருடத்தில் எத்தனை பேர் தம் துணையை ஸ்பொன்சர் பண்ணலாம் என்பதற்கு மத்திய அரசு வரம்பு வைக்கவில்லை. வந்து சேரும் விண்ணப்பங்கள் குறையாமல், ஏற்கும் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் வரிசை நீளத்தான் செய்யும். எவ்வளவு கச்சிதமாக விண்ணப்பித்தாலும் இந்தப் பகுதியை நாம் குறைக்க முடியாது. இதைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும்; தேர்தல் காலத்தில் மட்டுமல்ல, இலக்கு அறிவிக்கப்படும் இலையுதிர் காலத்திலும் கேட்க வேண்டும்.

நம் கையில் இருக்கும் பகுதிக்கு வருகிறோம். விண்ணப்பத்தில் ஒரு படிவம், ஒரு கையொப்பம், ஒரு கட்டண ரசீது விடுபட்டாலும் அமைச்சு அதைத் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்துக்கு வரிசையில் இடம் இல்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்ததைத் திருத்தி மறுபடி அனுப்பினால், அன்றைக்குத்தான் முதல் நாள். குடும்பத்தார் மட்டும் அதை நாலாம் மாதம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, கோப்பு இலக்கத்தோடு கடிதம் வந்த பிறகு ஊருக்குத் தகவல் சொல்வதே நல்லது.

ஸ்பொன்சர் செய்பவருக்கு முக்கியமான படிவம் ஐ.எம்.எம். 1344. உறவு பற்றிய கேள்விக்கொத்து 5532. அதில் இருவருக்கும் பங்கு உண்டு. வரப்போகிறவருக்கு 0008 (பொது விண்ணப்பம்), 5669 (பின்னணி விபரம்), 5406 (குடும்ப விபரம்). எவையெவை இணைக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல் 5533. இந்தப் பட்டியலை முதலில் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கடைசியில் பார்க்கிறவர்களே அதிகம்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது 5669இல். கடந்த பத்து ஆண்டில், அல்லது 18 வயதிலிருந்து, என்ன செய்தீர்கள் என்று ஒரு மாதமும் விடாமல் அதில் எழுத வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் வீட்டிலிருந்து காத்திருந்த காலத்தை ஊரில் யாரும் ஒரு வேலையாக நினைப்பதில்லை. அதனால் அந்த ஒன்றரை வருடம் வெறுமையாக விடப்படுகிறது. படிப்பு முடித்த பெண் கலியாணம் வரை வீட்டில் இருந்த காலமும் அப்படித்தான். "வேலையில்லை, பெற்றோருடன் வசித்தேன்" என்று மாதமும் ஆண்டும் போட்டு எழுதினால் போதும். வெற்றிடம் இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், கடிதம் வரும், பதில் போய்ச் சேர்ந்து மறுபடி கோப்பு கையில் எடுக்கப்பட மாதங்கள் ஆகும். முகவரிப் பகுதியிலும் கல்லூரி விடுதி, கொழும்பில் இருந்த அறை எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

அதே படிவத்தில் இயக்கங்கள், அமைப்புகள், இராணுவ சேவை பற்றிய கேள்விகள் உண்டு. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இது கனமான பக்கம். விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா 2006 ஏப்ரலில் தடைப்பட்டியலில் சேர்த்தது. பாதுகாப்புக் காரணத்துக்காக அனுமதி மறுக்க இடம் தரும் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இந்த விடயத்தில் கால எல்லை பார்ப்பதில்லை. பிடித்துக்கொண்டு போய்ச் சில வாரம் வைத்திருந்தார்கள், புனர்வாழ்வு முகாமில் இருந்தார் என்ற செய்திகளை "அதை ஏன் எழுதுவான்" என்று விட்டுவிடும்படி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவுரையைக் கேட்கவே வேண்டாம். மறைத்தது பின்னர் தெரிந்தால் தவறான தகவல் கொடுத்ததாக 40ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுத் தடை வரும். இப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்கள் படிவம் நிரப்புவதற்கு முன்பே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் போக வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் கோப்பு வழக்கமான 12 மாதத்தில் அடங்காது என்பதையும் அந்தக் குடும்பம் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

5406இல் சகோதரர் எல்லோரையும் எழுத வேண்டும். இறந்தவர்களையும், தாயோ தகப்பனோ வேறான சகோதரர்களையும். போரில் இறந்த அண்ணனின் பெயரை எழுதக் கை வராமல் விட்டுவிடுகிற தங்கைகள் இருக்கிறார்கள். அது விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் தகப்பனார் 1990களில் கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தபோது கொடுத்த குடும்ப விபரத்தில் அந்தப் பெயர் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். காணாமற்போனவராயின் அதை ஒரு பக்க விளக்கக் கடிதத்தில் எழுதி இணையுங்கள்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. பிறப்பத்தாட்சியில் பிள்ளையின் பெயர் மட்டும் தனியாக இருக்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும். எழுத்துக்குப் பிறகு கணவன் பெயர் சேரும். ஆங்கிலத்தில் "டி"க்குப் பின் "எச்" ஒரு தாளில் இருக்கும், மற்றதில் இருக்காது. படிவங்களில் எப்போதும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வேறு தாள்களில் வரும் வடிவங்களை "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் போடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். அவர்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எழுதி, மற்றதை வெறுமையாக விட வேண்டும் என்பதே அமைச்சின் அறிவுறுத்தல். தகப்பன் பெயரைத் தாமாகப் பிரித்து எழுதினால் கடவுச்சீட்டும் கோப்பும் இரண்டு ஆட்களாகிவிடும். மனைவியின் கடவுச்சீட்டைக் கணவன் பெயருக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்க முன் மாற்றுங்கள், அல்லது கனடா வந்த பிறகு மாற்றுங்கள். இடையில் மாற்றாதீர்கள்.

தமிழ், சிங்களப் பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மைத்துனர் மொழிபெயர்த்தால் செல்லாது; குடும்பத்தார் யாரும் செய்யக்கூடாது என்பது விதி. மொழிபெயர்ப்போடு மூலப்பிரதியின் நகலும் சேர்ந்து போக வேண்டும். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுப்பதை எழுத்துக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. பதிவேடே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கும் காலம் எடுக்கும்.

அடுத்தது எழுத்தும் தாலி கட்டும். நம் வழக்கத்தில் இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம்கூடப் போகலாம். சட்டப்படி பதிவு நாளிலிருந்தே இருவரும் கணவன் மனைவி. ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு, பதிவாளர் வீட்டில் எட்டுப் பேரோடு எடுத்த படம் மட்டும் போனால், இவ்வளவு அவசரமாக ஏன் என்ற எண்ணம் வரும். 2010இல் விதி திருத்தப்பட்ட பிறகு, திருமணம் உண்மையானது அல்ல என்பதோ, முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டது என்பதோ, இரண்டில் ஒன்று நிரூபணமானாலே மறுக்கலாம். ஆகவே 5532இல் வழக்கத்தை விளக்கி எழுதுங்கள்: சம்பந்தம் யார் மூலம் வந்தது, சாதகக் குறிப்பு எப்போது பார்த்தார்கள், முதன்முதலில் எப்போது பேசினார்கள், எப்போது நேரில் கண்டார்கள், எழுத்து எந்த நாள், தாலி கட்டு எப்போது நடக்கும், ஏன் பிந்துகிறது. பேசிச் செய்த கலியாணம் என்பது குறை அல்ல. நாலு வருடக் காதல் என்று இல்லாத கதையை ஏஜென்ட் எழுதிக் கொடுப்பதும், நேர்முகத்தில் இருவரும் வெவ்வேறு திகதி சொல்வதும்தான் கோப்பைக் கெடுக்கின்றன. இருவரும் ஒரே இடத்தில் நின்று பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் இணையத்திலோ தொலைபேசியிலோ இருந்து செய்த திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா ஏற்பதில்லை.

படங்கள் இருபதுக்கு மேல் வேண்டாம் என்று பட்டியலே சொல்கிறது. அல்பம் முழுவதையும் அனுப்புவதால் பலன் இல்லை. இருபதையும் வெவ்வேறு நாள்களிலிருந்து தெரிவு செய்து, யார், எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுங்கள். மணமேடையில் மட்டும் பதினைந்து படம் அனுப்புவதைவிட, மாமியாரோடு கோயிலில், நல்லூர்த் திருவிழாவில், விமான நிலையத்தில் எடுத்தவை பயன் தரும். வட்ஸ்அப் உரையாடல் பத்துப் பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒரே வாரத்து அரட்டையாக இல்லாமல் மாதத்துக்கு ஒன்றாக. விமானச் சீட்டும் கடவுச்சீட்டு முத்திரையும் கட்டாயம்.

பொலிஸ் சான்றிதழைத் தொடக்கத்தில் தற்போது வாழும் நாட்டிலிருந்தும், 18 வயதுக்குப் பின் அதிக காலம் வாழ்ந்த நாட்டிலிருந்தும் கேட்பார்கள். கடந்த பத்து ஆண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த மற்ற நாடுகளினதைப் பின்னர் கேட்கலாம். கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்தவர்கள், தமிழ்நாட்டு முகாமில் வாழ்ந்தவர்கள் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் அதற்கான வழியை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கேட்ட பிறகு தொடங்கினால் கொடுத்த கெடு போதாது. வாழும் நாட்டுச் சான்றிதழ் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். எழுத்துக்கு முன்பே எடுத்து வைத்தது விண்ணப்பம் முடியும்போது பழையதாகிவிடும்.

மருத்துவத்தில் அவசரப்படாதீர்கள். அமைச்சு கேட்ட பிறகு, அதன் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். முடிவு 12 மாதமே செல்லும். அது காலாவதியானால் மறுபடி எடுக்க வேண்டும். வீசாவின் செல்லுபடித் திகதியும் அதோடு கட்டப்பட்டது. நீரிழிவு, இருதய நோய் இருந்தால் மறுப்பார்கள் என்ற பயம் ஊரில் நிறைய உண்டு. மருத்துவச் செலவு அதிகமாகும் என்ற காரணத்தைக் காட்டி ஸ்பொன்சர் செய்யப்பட்ட கணவனையோ மனைவியையோ மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. காசநோய் செயல்நிலையில் இருந்தால் சிகிச்சை முடியும்வரை தாமதமாகும்.

2024 ஏப்ரல் 30 அன்று உயர்த்தப்பட்ட கட்டணம் இப்படி இருந்தது: ஸ்பொன்சருக்கு 85 டொலர், விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, சேர்த்து 1,205. கைரேகைக்கு வேறாக 85. கைரேகை தவிர்ந்த மற்றவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயர்கின்றன. கட்டும் நாளில் சரிபாருங்கள். வதிவிட உரிமைக் கட்டணத்தைப் பிறகு கட்டலாம் என்று விட்டால், கடைசிக் கட்டத்தில் அதைக் கேட்டு இன்னொரு கடிதம் வரும். சில வாரம் போகும். சேர்த்தே கட்டிவிடுங்கள். வருமான வரம்பு பற்றிய குழப்பமும் தீர வேண்டும். பெற்றோரை அழைக்க வருமானக் கணக்கு உண்டு. கணவன் மனைவிக்குப் பொதுவாக அந்த வரம்பு இல்லை. ஆனால் அங்கவீனம் தவிர்ந்த காரணத்துக்காக அரச நிவாரணப் பணம் வாங்கிக்கொண்டிருப்பவர் ஸ்பொன்சர் பண்ண முடியாது.

ஸ்பொன்சர் செய்பவரின் சொந்த வரலாறும் தடையாகலாம். தான் மனைவியாக அல்லது கணவனாக ஸ்பொன்சரில் வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவர், ஐந்து ஆண்டு முடியும்வரை வேறொரு துணையை அழைக்க முடியாது. முன்னைய துணையைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட்ட மூன்று ஆண்டுப் பொறுப்பு முடியும்வரையும் அழைக்க முடியாது. இவற்றைவிடத் துயரமானது வேறொன்று. பெற்றோரின் கோப்பில் "மணமாகாத பிள்ளை" என்று வந்திறங்கியவர், அதற்கு முன்பே ஊரில் இரகசியமாக எழுத்து முடித்திருந்தால், அந்த மனைவியைப் பின்னர் அழைக்க 117(9)(டி) என்ற விதி தடை போடுகிறது. 2019 செப்டம்பரில் தொடங்கிக் காலநீடிப்புப் பெற்ற ஒரு முன்னோடித் திட்டம் சில பிரிவினருக்கு விலக்குத் தருகிறது. அது காலவரையறை உள்ளது. கோப்பு நடக்கும்போது பிறக்கும் குழந்தையையும் உடனே அறிவிக்க வேண்டும். கனடாவில் குடியுரிமை பெற்ற பின்னர் தகப்பனுக்குப் பிறந்த குழந்தையாயின் அது பிறப்பிலேயே கனடியர். அதற்குக் குடியுரிமைச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும், ஸ்பொன்சரில் சேர்க்கக்கூடாது.

மொன்றியல் வாசகர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. கியூபெக் அரசு 2024 ஜூன் 26 முதல் 2026 ஜூன் 25 வரையான காலத்துக்குக் கணவன், மனைவி, துணைவர், வயது வந்த பிள்ளைகளுக்கான பொறுப்பேற்பு விண்ணப்பங்களை 10,400 என்று மட்டுப்படுத்தியது. அந்த எண்ணிக்கை 2025 கோடையிலேயே நிரம்பிவிட்டது. ஒன்ராறியோவில் இருப்பவரின் காத்திருப்பைக் காட்டி மொன்றியல் மருமகனைக் குறை சொல்லாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் வருகை வீசாவுக்கு விண்ணப்பிப்பது ஸ்பொன்சரைக் கெடுக்காது. ஸ்பொன்சர் போட்டிருப்பதை மறைத்து விண்ணப்பிப்பதுதான் கெடுக்கும். தற்காலிகமாக வரவும் பின்னர் நிரந்தரமாகத் தங்கவும் விரும்பும் இரட்டை நோக்கத்தைச் சட்டம் ஏற்கிறது. வந்தவர் கனடாவுக்குள் இருந்து விண்ணப்பிக்கும் பிரிவுக்கு மாற நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியிலிருந்து போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், உள்ளிருந்து போட்டதற்கு அந்த உரிமை இல்லை. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ள ஸ்பொன்சர் இந்தக் காலத்தில் கனடாவில்தான் வசிக்க வேண்டும். மனைவியோடு இருப்பதற்கென்று யாழ்ப்பாணம் போய் வருடக்கணக்கில் தங்கினால் தகுதி போய்விடும்.

கோப்பு அசையாமல் கிடந்தால், 5 டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அதிகாரிகளின் குறிப்புகளை எடுக்கலாம். எந்தப் படி முடிந்தது, எது நிற்கிறது என்று அதில் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனால் விசாரிப்பது எளிது. வெறுங்கையோடு போய் "ஏன் பிந்துது" என்று கேட்டால் "செயற்பாட்டில் உள்ளது" என்ற ஒரு வரிதான் வரும்.

கடைசியாக முகவர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தரச் சட்டத்தரணிகளுக்கும், சட்டச்சங்கத்தில் பதிந்த துணைச் சட்டவாளர்களுக்கும் (பராலீகல்), ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவர்களுக்கும், கியூபெக் நொத்தாரிசுகளுக்கும்தான் அனுமதி. ஊரில் இருக்கும் பல ஏஜென்டுகள் தங்கள் மின்னஞ்சலையே படிவத்தில் போட்டு, கடவுச்சொல்லையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். 30 நாளுக்குள் கைரேகை கொடுக்கும்படி வந்த கடிதம் அவர்களின் பெட்டியில் கிடந்து கெடு தாண்டுகிறது. கோப்பு மூடப்பட்ட பிறகே குடும்பத்துக்குத் தெரிகிறது. யார் நிரப்பினாலும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் பிரதியையும் வாங்கி வையுங்கள்.

இதில் பத்திரிகைக்கும் பங்கு உண்டு. "ஆறு மாதத்தில் கனடா, உத்தரவாதம்" என்ற விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் கலியாண மண்டப விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே வருகின்றன. குடிவரவு விளம்பரம் தருகிறவரிடம் கல்லூரிப் பதிவிலக்கத்தையோ சட்டச்சங்க உறுப்புரிமையையோ கேட்டு, அதை விளம்பரத்திலேயே அச்சிடும்படி உங்கள் விளம்பரப் பகுதிக்கு அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். பதிவு பெற்றவர்களின் பட்டியலைக் கல்லூரியின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். இலக்கம் உண்மையானதா என்று சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நன்றி.

குடிவரவுப் படிவங்களை வாசித்து உதவும் தன்னார்வலர்கள்,
ஸ்காபரோ